பிரேக்குக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. விடிவதற்குள் வீட்டுக் கருவிகளையெல்லாம் கூடத்தில் சேர்த்துவிட்டேன். என் வீட்டுக்காரி கோமளாவின் தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டுக் கொடுத்த என் மரக் காம்பஸ். கடைசியாக மகள் நித்திலாவின் மலை சைக்கிள். நேற்று மாலைப் பயிற்சியில் களைத்துப்போய் அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். வருடாவருடம் அவளே ஹேண்டில்பாரில் ஒரு பொட்டு வைத்து முடித்துவிடுவாள். இந்த வருடம் அந்தச் சைக்கிளின் பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. ஆகவே நன்றாகவே செய்தேன்.

இரும்பு எதுவானாலும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சக்கரங்களின் நடுவில் இருக்கும் வட்டத் தகடுகள் இரண்டும் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. நான்கு திசையிலும் சந்தனம் தீற்றி, அதன்மேல் குங்குமம் வைத்துச் சாமந்திச் சரம் சுற்றினேன். கோமளா பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

நவம்பர் 9 மாநிலப் போட்டி. பெண்களில் முதல் மூன்று பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். போன வருடம் அதே போட்டியில் ஏழாவது வளைவில் விழுந்து, காறை எலும்பு முறிந்து, மார்ச் வரை கையைத் தூக்க முடியாமல் இருந்தவள். இருபத்தொன்பது வயது. பகலெல்லாம் தோட்டக்கலைத் துறையில் நாற்று எண்ணிவிட்டு, மாலையில் மலை ஏறி இறங்குகிறாள். எனக்குத் தெரிந்து கோத்தகிரியில் வேறு யாருடைய மகளும் இதைச் செய்வதில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பூஜையில் வைத்ததை இன்றுதான் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். காலையில் சந்தனத்தை அதே துணியால் துடைத்துச் சைக்கிளைக் கொடுத்தேன். மாலை இறக்கத்தில் வந்து வாசலில் பிரேக் பிடித்தாள். அப்படி ஒரு ஓலம். பக்கத்து வீட்டு ஹாலன் டார்ச்சோடு வெளியே வந்து, "காட்டெருமையா சார்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு எருமைதான்" என்றாள் நித்திலா. பிறகு என்னிடம், "அப்பா, டிஸ்க்ல எண்ணெய் ஏதாவது பட்டுச்சா?" என்றாள்.

எண்ணெய் டப்பாவை நான் தொட்டே ஒரு மாதம் ஆகிறது. அதையே சொன்னேன்.

"போஜன் அண்ணங்கிட்ட காட்டட்டுமா?"

"நானே பாத்துக்கறேம்மா" என்றேன். ஒரு சத்தத்துக்கு மெக்கானிக் எதற்கு? காரணம் கண்டுபிடிப்பதுதானே நான் காலமெல்லாம் செய்த வேலை.

அக்டோபர் 4, சனி

சத்தத்தில் இரண்டு வகை. பிரேக் பிடிக்காதபோதே சக்கரம் சுற்றச் சுற்ற "சிங், சிங்" என்று உரசினால் டிஸ்க் என்கிற அந்த வட்டத் தகடு வளைந்திருக்கிறது, அல்லது அதைக் கவ்வும் காலிப்பர் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். பிடிக்கும்போது மட்டும் அலறினால் வேறு கோளாறு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பூனை நடப்பதுபோல் சத்தமே இல்லை. பிடித்தேன், அலறியது. ஆகவே இரண்டாம் வகை.

ஏன் அலறுகிறது? புதுச் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து எழுதினால் கிரீச்சிடும். வழுக்கும், பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும். இது நொடிக்கு ஆயிரம் முறை நடந்தால் நம் காதுக்கு அது ஓலம். தகட்டைக் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் கட்டைகள் ஒரே சீராகப் பிடிக்காமல் இப்படி விட்டு விட்டுப் பிடிக்கின்றன.

எதனால் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒருமுறைக்கு ஒரு மாற்றம். வகுப்பில் எவனோ விசில் அடித்தால் நான் மொத்த வகுப்பையும் வெளியே அனுப்ப மாட்டேன். ஒவ்வொருவனாக அனுப்புவேன். விசில் எப்போது நிற்கிறதோ அப்போது வெளியே போனவன்தான் ஆள்.

அக்டோபர் 5, ஞாயிறு

தகட்டின் திருகாணிகள் ஆறில் இரண்டு லேசாகத் தளர்ந்திருந்தன. முறுக்கினேன். சத்தம் அப்படியே.

அக்டோபர் 7, செவ்வாய்

காலிப்பரை நடுவில் நிறுத்தினேன். அதன் இரண்டு திருகாணிகளையும் தளர்த்த வேண்டும். பிரேக் பிடியை இறுக்கிப் பிடித்தால் அது தானே நடுவுக்கு வந்து அமரும். அப்படியே பிடித்தபடி மறுகையால் முறுக்க வேண்டும். கோமளா பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துல கூட இவ்வளவு நேரம் கையைப் பிடிச்சு நிக்க வெக்கல" என்றாள். வேலை சுத்தமாக வந்தது. சத்தம் மட்டும் அப்படியே.

தேயிலை ஃபேக்டரியிலிருந்து பாலம் வரை இறங்க செப்டம்பரில் நித்திலாவுக்கு 3 நிமிடம் 52 விநாடி ஆனது. இன்று 4 நிமிடம் 31.

"அந்தச் சத்தம் கேட்டா கை தானா இறுகுதுப்பா. வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பிடிச்சிடறேன்" என்றாள்.

நிதானமாக வருவதில் தவறில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

தகட்டில் தூசு படிந்திருக்கலாம். ஊரடங்குக் காலத்தில் வாங்கிய கைகழுவும் சானிடைசர் அரை பாட்டில் மிச்சம் இருந்தது. அதுவும் ஸ்பிரிட்தானே என்று தகடுகளை நன்றாகத் துடைத்தேன். இப்போது ஓலம் கொஞ்சம் அடித்தொண்டைக்கு இறங்கியிருக்கிறது. சுருதி மாறியதே ஒரு முன்னேற்றம்தான்.

அக்டோபர் 11, சனி

முன்னேற்றம் இல்லை. இரண்டு நாளாக பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை என்றாள். சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக் குன்னூர் கொண்டுபோனேன். போஜன் கடை மார்க்கெட் படிக்கட்டுக்குப் பக்கத்தில். நாற்பது வயது இருக்கும். மலை சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளெல்லாம் அவரிடம்தான் வருவார்கள்.

நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு திருகாணியின் குழிக்குள் ஊசியை விட்டு எதையோ நோண்டி எடுத்தார்.

"சார், இது என்னங்க செவப்பா?"

பார்த்தேன். "குங்குமம்" என்றேன்.

"பிரேக்குக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க."

"ஆயுத பூஜைக்கு..."

"வெக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் போட்டுத் துடைச்சிருப்பீங்களே?"

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எண்ணெய் விடுவது என்றால் என் மனத்தில் அது டப்பாவும் மூக்கும் சங்கிலியும். பூஜைக்குத் துடைப்பது பூஜை. இரண்டும் ஒரே எண்ணெய்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. மகள் முதல் நாளே நேராகக் கேட்டாள். நான் மிகுந்த உறுதியோடு தவறான விடை சொல்லியிருக்கிறேன்.

"விடுங்க சார். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜை முடிஞ்சா ஒரு மாசம் எனக்கு இதே வேலைதான். போன வருஷம் ஒருத்தர் டிஸ்க்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருந்தார். உங்களது பரவாயில்ல." சானிடைசரைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அதுல கை காயாம இருக்க கிளிசரின் கலப்பாங்க சார். எண்ணெய் மேல எண்ணெய்."

கட்டைகள் ஊறிவிட்டனவாம். தகட்டைக் கழுவலாம், ஆனால் கட்டை உறிஞ்சியதை வெளியே எடுக்க முடியாது. சிலர் அடுப்பில் காட்டிப் புகைய விடுவார்களாம். "உங்க மகள் இறங்கற வேகத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். புதுசுதான் போடணும். பெங்களூர்ல இருந்து வீட்டுக்கே அனுப்பச் சொல்றேன். நீங்களே மாட்டிடலாம்." எப்படி மாட்டுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். சலிக்காமல் சொன்னார்.

நித்திலாவிடம் புதுக் கட்டை வரப்போகிறது என்று மட்டும் சொன்னேன். காரணத்தை நேரம் பார்த்துச் சொல்லலாம்.

அக்டோபர் 15, புதன்

போட்டிக்குப் பெயரை உறுதிசெய்ய நவம்பர் 2 கடைசி நாள். சாப்பிடும்போது நித்திலா, "அதுக்குள்ள சைக்கிள் சரியாகலைன்னா நான் பேர் குடுக்கலப்பா. அரைகுறையா நம்பி அந்த மலையில இறங்க மாட்டேன். முப்பது வயசுக்கு மேல டீம்ல யார் எடுக்கப் போறாங்க. சைக்கிளை வித்துடலாம்" என்றாள். யாரையும் குற்றம் சொல்லாமல் ரசத்தைக் கேட்பதுபோல் சொன்னாள்.

கோமளா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. ஹாலன் வீட்டிலிருந்து இனிப்பு வந்தது.

அக்டோபர் 22, புதன்

பார்சல் வந்தது. நான்கு கட்டைகள், தீப்பெட்டியில் பாதி அளவு. இந்த ஈரத்தில் பிரிப்பது நல்லதல்ல. கோமளாவின் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். அங்கே ஈரம் அண்டாது.

அக்டோபர் 24, வெள்ளி

பனிமூட்டம். இன்றும் மாட்ட உகந்த நாள் அல்ல.

அக்டோபர் 26, ஞாயிறு

நல்ல வெயில். ஆனால் தகடு தேய்க்கும் உப்புத்தாள் வீட்டில் இல்லை. மார்க்கெட் போய் வந்தேன். காய்கறி வாங்கியதில் உப்புத்தாள் மறந்துவிட்டது.

நித்திலா, "பார்சல் வந்துச்சாப்பா?" என்றாள். இந்தக் காலத்துக் கூரியர்காரர்களைப் பற்றிப் பொதுவாகச் சில விஷயங்கள் சொன்னேன்.

போன நவம்பரில் மருத்துவமனை வாசலில் அவளுடைய ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றது இன்று ஏனோ நினைவுக்கு வந்தது. உள்ளே மஞ்சள் பஞ்சு. ஒரு பக்கம் விரிசல்.

அக்டோபர் 28, செவ்வாய்

கோமளா கல்யாண வீட்டுக்குப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தாள். இதை நான் கணக்கில் கொள்ளவில்லை.

"இது என்னங்க, பட்டுக்கு நடுவுல?"

"ஈரம் படக் கூடாதுன்னு..."

"எப்ப வந்தது?"

சொன்னேன்.

"ஆறு நாளா அந்தக் கூரியர்காரனைத் திட்டிட்டு இருந்தீங்களே, பாவம். அவன் மழையில நனைஞ்சுட்டு வந்து குடுத்திருப்பான்." கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "உங்களுக்குப் பயம். எனக்கு இல்லைன்னு நெனச்சீங்களா? அவ இறங்கற ஒவ்வொரு நாளும் நான் அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல நிக்கறேன். பயமா இருந்தா அவகிட்ட பயமா இருக்குன்னு சொல்லுங்க. அவ முடிவு பண்ணட்டும். பார்சலை ஒளிச்சு வெச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க."

ஒளித்தேன் என்ற சொல்லை இந்த நோட்டில் நான் எங்கும் எழுதவில்லை. முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சத்தம் வருவது எப்போதிலிருந்து எனக்கு வசதியாகிப் போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பார்சல் வந்த நாளாக இருக்கலாம். 4 நிமிடம் 31 என்று எழுதிய நாளாகவும் இருக்கலாம்.

மாலை நித்திலா வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து இரண்டையும் சொன்னேன். முதலில் எண்ணெயும் பொட்டும். வாயில் இருந்த டீ சிதறச் சிரித்தாள். "பிரேக்குக்குக் குங்குமமா, கடவுளே" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடி சிரித்தாள். பிறகு பார்சலையும், மழை, உப்புத்தாள் என்று நான் சொல்லிக்கொண்ட சாக்குகளையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. எழுந்து வெளியே போனாள். வாசலில் சைக்கிளின் அருகே நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. நான் எழுந்து போகவில்லை.

பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, போன வருஷம் நான் ஏன் விழுந்தேன்னு தெரியுமா?"

"வேகம்."

"இல்ல. அந்த வளைவுக்கு நான் சரியான வேகத்துலதான் வந்தேன். பாதி வளைவுல பயந்துட்டேன். முன் பிரேக்கை முழுசா அழுத்திட்டேன். வளைவுக்கு முன்னாடி பிடிக்கணும், உள்ள போனதும் விட்டுடணும். நான் விடல. சக்கரம் வழுக்கிடுச்சு. பயந்தாத்தாம்ப்பா விழுவேன். நம்பிக்கையான பிரேக் இருந்தாத்தான் விட முடியும்."

ஒரு வருடமாக அவளை வேகம் தள்ளியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை என்கிட்ட எதையும் ஒளிக்காதீங்க" என்றாள். "சரிம்மா" என்றேன். "இப்ப அந்த உப்புத்தாள் எங்க இருக்குன்னாவது உண்மையைச் சொல்லுங்க."

மார்க்கெட்டில்தான் இருந்தது. ஹாலன் வீட்டில் கேட்டு வாங்கி வந்தாள்.

அக்டோபர் 29, புதன்

அவள் அரைநாள் விடுப்பு போட்டாள். சேர்ந்து செய்தோம். அவள் கை, போஜன் சொல்ல நான் எழுதிய தாள். மருந்துக் கடையில் வாங்கிய சுத்தமான ஸ்பிரிட்டில் புதுத் துணியை நனைத்துத் தகடுகளைத் துடைத்தோம். துணி மஞ்சளாக வந்தது. உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து மறுபடி துடைத்தோம். துணி வெள்ளையாக வரும்வரை ஏழு முறை. திருகாணிக் குழிகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தோம். காலிப்பருக்குள்ளும் துடைத்தோம். பிறகு புதுக் கட்டைகள். தகட்டிலும் கட்டையின் முகத்திலும் விரல் படக் கூடாது. விரலிலும் எண்ணெய் இருக்கிறது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டுக்கொண்டதால்.

மாட்டிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். ஓலம் இல்லை, மெல்லிய முனகல் இருந்தது. பிடிப்பும் போதவில்லை. என் முகம் வாடியிருக்க வேண்டும். "இன்னும் பழக்கணும்ப்பா. தாள்ல கடைசி வரியைப் படிங்க" என்றாள்.

அக்டோபர் 30, வியாழன்

பழக்குவது என்பது இதுதான். புதுக் கட்டையும் தேய்த்த தகடும் ஒன்றுக்கொன்று அந்நியம். வேகமாக மிதித்துப் போய், நிற்காமல், நடக்கும் வேகத்துக்கு வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு விட்டு மறுபடி வேகம். இருபது முறை. கட்டையின் பொடி மெல்லிய பூச்சாகத் தகட்டில் படியும். கோமளாவுக்கு நான் விளக்கத் தொடங்கும்போதே, "புது தோசைக்கல்லு. முதல் நாலு தோசை வராது" என்று முடித்துவிட்டாள். இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

பள்ளி மைதானத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் காலை ஆறரை மணிக்கு அவள் ஓட்டினாள். நான் எண்ணினேன். நான்காவது வரை முனகல். ஒன்பதில் லேசாகக் கருகிய வாசனை. பதினான்கில் முனகல் தேய்ந்தது. பதினேழாவதில் அவள் பிடித்தபோது சக்கரத்தடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. இருபதோடு நிறுத்தச் சொன்னேன். அவள் இருபத்தைந்து வரை போனாள்.

நவம்பர் 2, ஞாயிறு

பெயர் கொடுத்துவிட்டாள். ஃபேக்டரியிலிருந்து பாலம் வரை 3 நிமிடம் 44. பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்ப்பா" என்றாள். இத்தனை சுலபமான வேலையை நான் ஏன் ஒத்திப்போட்டேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றாவது இடம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நித்திலா தேசியப் போட்டிக்குப் போகிறாள்.

விடியற்காலையிலிருந்து மழை. போட்டியை நிறுத்துவார்கள் என்று சிலர் சொன்னார்கள். நிறுத்தவில்லை. ஏழாவது வளைவிலேயே நிற்பது என்று கோமளா முடிவு செய்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே செம்மண் பாதை நேராக இறங்கி, ஒரு வெள்ளைப் பாறையைத் தாண்டியதும் இடப்பக்கம் மடங்குகிறது. ஒரே குடையில் இருவரும் நின்றோம். மேலே மூடுபனி. யார் வருகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

முதல் பெண் வந்தாள். பனிக்குள்ளிருந்து ஓலம் கிளம்பியது, பாறையைத் தாண்டியது, வளைவு முழுக்கக் கூடவே வந்தது. என் பக்கத்தில் நின்றவர் பயந்துபோய், "பிரேக் போயிருச்சா சார்?" என்றார்.

"மழைத் தண்ணிங்க. தகடு நனைஞ்சா எல்லா பிரேக்கும் கத்தும். ஈரத் தம்ளர் விளிம்புல விரலை ஓட்டிப் பாருங்க, அதே கதைதான். நாலு பிடி பிடிச்சு சூடானா நின்னுடும்" என்றேன். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. அடுத்தடுத்து வந்த நான்கு பேரும் அப்படித்தான். வளைவு முடியும்வரை ஓலம். யாரும் பிடியை விடவில்லை. அந்தச் சேற்றில் யார் விடுவார்கள்?

ஆறாவதாக ஓலம் கேட்டது. நனைந்தால் அவளுடையதும் கத்தும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோமளாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் இறங்கி வந்தது. வெள்ளைப் பாறை வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

விழுந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோமளாவும் நினைத்திருக்க வேண்டும், குடை கீழே போய்விட்டது. அடுத்த கணம் டயர் சேற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பனியிலிருந்து அவள் வெளியே வந்தாள். உடலைச் சைக்கிளிலிருந்து வெளியே சாய்த்து, விரல்கள் பிரேக் பிடியின்மேல் சும்மா கிடக்க, வளைவை அப்படியே வழித்துக்கொண்டு போனாள். எங்களைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. அந்த வளைவிலிருந்து முடிவுக்கோடு வரை அவள் மூன்று பேரைத் தாண்டியிருக்கிறாள்.

மழையில் நனைந்தபடி நான் பக்கத்திலிருந்தவரிடம், "என் மகள்" என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். சற்று நேரம் கழித்து அந்தப் பக்கம் நின்றவரிடமும் சொன்னேன்.

கீழே போனபோது முகமெல்லாம் சேறு, பல் மட்டும் தெரிந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கோமளாவின் புடவை பாழாயிற்று. பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க ஏழுலதானே நின்னீங்க? சத்தம் வந்துச்சா?"

"வந்தது."

"எது வரைக்கும்?"

"அந்த வெள்ளைப் பாறை வரைக்கும்."

"அவ்வளவுதாம்ப்பா பிடிச்சேன்" என்றாள்.